சித்திரை மண்ணை உழுவதா, மூடுவதா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், "எங்கள் வயலில் எந்த மாதமும் மண் வெறும் உடம்போடு வெயிலில் கிடப்பதில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் இத்தனை கடிதம். சிலர் கோபமாகவும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். நான் மன்னார்குடிக்குத் தெற்கே ஏழு ஏக்கர் நஞ்சையும் ஒரு ஏக்கர் மேட்டுக் கொல்லையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருஷமாக ரசாயனம் போடாமல் பயிர் செய்கிறவள். வயல் களிமண், கடைமடைப் பாசனம் (ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேர்கிற இடம்). உங்கள் மண் வேறாக இருக்கும். அதனால் நான் சொல்வதை உங்கள் நிலத்தில் ஒரு மூலையில் செய்து பார்த்துவிட்டு அப்புறம் மற்ற இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி (அறந்தாங்கி வாசகர்): அக்கா, மண்ணை எப்போதும் மூடி வை என்கிறீர்கள். 'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று சொல்லி என் அப்பா வருஷா வருஷம் கோடை உழவு ஓட்டுகிறார். எங்களுடையது செம்மண் மானாவாரி, ஆடியில் கடலை போடுவோம். யார் சொல்வது சரி?

அப்பா சொல்வது சரி தம்பி. நான் பாதியைத்தான் எழுதினேன், மீதியை இப்போது எழுதுகிறேன்.

கோடை உழவு எதற்கு என்று அப்பாவிடமே கேளுங்கள், நாலு காரணம் சொல்வார். மாசி, பங்குனியில் காய்ந்த செம்மண் மேலே ஓடு மாதிரி இறுகிக் கிடக்கும். சித்திரையில் இடியோடு கொட்டுகிற மழை அந்த ஓட்டின் மேல் விழுந்தால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும், ஓடும்போது மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 40,000 லிட்டர் தண்ணீர். சரிவுக்குக் குறுக்கே உழுது வைத்த கொல்லையில் அதில் பெரும்பங்கு அங்கேயே இறங்கும். அப்புறம் கடலையை மொட்டையடிக்கிற சிவப்புக் கம்பளிப் புழு. ஆடி மழைக்கு அந்துப்பூச்சியாகக் கிளம்பக் காத்துக்கொண்டு அது கூட்டுப்புழுவாக மண்ணுக்குள்ளேயேதான் கிடக்கிறது. கலப்பை புரட்டிப் போட்டால் வெயிலில் காயும், காயாததைப் பின்னாலேயே வருகிற கொக்கும் மைனாவும் கரிச்சானும் பொறுக்கிவிடும். கோரைக் கிழங்கும் மேலே வந்து வாடும். இத்தனை வேலையையும் ஒரே உழவு செய்கிறது என்றால் அதை விடச் சொல்ல எனக்கு மனசு வராது.

உழுத பிறகு ஆடி வரைக்கும் மூன்று மாதம் அப்படியே போட்டு வைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, கோடை உழவு என்ற பேரில் ரோட்டாவேட்டரை இரண்டு மூன்று தடவை ஓட்டி மண்ணை மாவாக்குவது. அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் இருந்தது மாட்டு ஏர். அது மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்துப் போடும், கட்டிகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கும். மாவாக்கிய மண் முதல் மழையிலேயே சேறாகிக் காய்ந்ததும் பழைய ஓட்டைவிட மோசமாக இறுகும், கீழேயும் ஒரு கெட்டித்தட்டு விழுந்துவிடும். ஆகவே ஐந்து கொத்துக் கலப்பையோ ஒன்பது கொத்துக் கலப்பையோ போட்டு ஒரே ஒரு உழவு ஓட்டுங்கள், முதல் கோடை மழைக்கு அப்புறம், பதம் பார்த்து. ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும், பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள்.

உழுத ஈரம் காய்வதற்குள் பலதானியம் விதைத்துவிடுங்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த முறைதான். தானியத்தில் நாலு, பயறில் நாலு, எண்ணெய் வித்தில் நாலு, கொத்தமல்லி கடுகு மாதிரி வாசனைச் சாமானில் நாலு, தக்கைப்பூண்டு சணப்பு மாதிரி தழைச்செடியில் நாலு, எல்லாம் சேர்ந்து ஏக்கருக்கு 20 கிலோ. இருபதும் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், கம்பு, தட்டைப்பயறு, எள், சணப்பு என்று கையில் கிடைத்ததைக் கலந்து விதையுங்கள். நீங்கள் அடுத்துக் கடலை போடப்போவதால் இந்தக் கலவையில் கடலை வேண்டாம். 45, 50 நாளில் பூ எடுக்கும்போது மடக்கி உழுதால் ஆடிக்குள் மக்கிவிடும். ஆடியில் கடலை விதைக்கும்போது வரப்போரம் ஆமணக்கும் ஊடே தட்டைப்பயறும் போடுங்கள். தப்பிப் பிழைத்த கம்பளிப் புழு முதலில் அவற்றில்தான் வந்து கூடும், கையால் பொறுக்கி அழிக்கலாம்.

மூடின மண்ணுக்கும் மூடாத மண்ணுக்கும் என்ன வித்தியாசம் என்று வாயால் சொல்வதைவிடத் தொட்டுப் பார்ப்பது நல்லது. போன சித்திரையில் எங்கள் கொல்லையில் கத்தரிப் பாத்திக்கு மட்டும் நாலு விரல் கனத்துக்கு வைக்கோல் மூடாக்குப் போட்டிருந்தோம், பக்கத்துப் பாத்தி வெறுமையாகக் கிடந்தது. மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வெறும் பாத்தியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. இந்தப் பக்கம் வைக்கோலை விலக்கிக் கையை வைத்தேன், தண்ணீர்ப் பானைக்கு அடியில் போட்டிருக்கும் மணல் மாதிரி சில்லென்று இருந்தது. வைக்கோலின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை இழை ஓடியிருந்தது, அதற்குக் கீழே மண்புழு (எங்கள் பக்கம் நாக்குப்பூச்சி என்போம்) போட்ட மண் உருண்டைகள், கேழ்வரகைச் சிந்தினது போல. சித்திரை மத்தியானத்தில் அந்தப் பூச்சி மேலே இருக்கிறது என்றால் அதற்குக் குடியிருக்க இடம் கொடுத்திருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி வாசகர்): வண்டி அறுவடைக்குப் பிறகு வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடக்கிறது. கட்டுக் கட்டுகிற வண்டியும் வரவில்லை. கொளுத்திவிடலாமா? உளுந்து வேறு விதைக்க வேண்டும்.

கொளுத்தாதீர்கள் அண்ணா. 'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்று நம் தாத்தாக்கள் மூன்றாகப் பங்கு பிரித்து வைத்தார்கள். கொளுத்தினால் காட்டின் பங்கும் மாட்டின் பங்கும் சேர்ந்து போகிறது. வைக்கோலில் இருக்கிற தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுவதும் புகையாகிவிடும், சாம்பல்சத்து (பொட்டாஷ்) பெரும்பாலும் சாம்பலில் மிஞ்சும். மேல்மண்ணில் வாழ்கிற ஜீவன்களையும் அன்றைக்கே சுட்டுவிடுகிறோம்.

ஆனால் கொளுத்தாமல் விட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லமாட்டேன். எங்களுக்கு இரண்டாவது வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். குறுவைத் தாளையும் சிதறின வைக்கோலையும் அப்படியே சேற்றில் மடக்கி உழுது, ஐந்தாம் நாள் தாளடி (குறுவைக்கு அடுத்த நெல்) நட்டுவிட்டோம். பத்து நாளில் பயிர் முழுக்க மஞ்சள். என்ன நோயோ என்று பயந்து அக்கம்பக்கத்தில் எல்லாம் கேட்டோம். நோயே இல்லை. வைக்கோலை மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டன, நாற்றுக்கு மிச்சம் இல்லை. ஒரு மாதம் கழித்துத் தானாகப் பச்சை திரும்பியது, ஆனால் தூர் கட்ட வேண்டிய நாட்கள் போய்விட்டன. தாளை மடக்கினால் குறைந்தது மூன்று வாரம் ஊறவிட்டு நடுங்கள். இடைவெளி கிடைக்காது என்றால் வைக்கோலை வரப்போரம் ஒதுக்கிக் குவித்து, சாணிக் கரைசல் தெளித்து, மக்கின பிறகு போடுங்கள்.

உளுந்துக்கு வருவோம். கை அறுவடைக் காலத்தில் சம்பாவை அறுக்க ஏழு, பத்து நாள் முன்னால் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கிற பயிருக்குள்ளேயே ஏக்கருக்கு 10 கிலோ விதையைத் தெளிப்பார்கள், அறுக்கும்போது இரண்டு இலை விட்டிருக்கும், தை மாசிப் பனியையும் இருக்கிற ஈரத்தையும் குடித்தே 65, 70 நாளில் காய்த்துவிடும். இப்போது டயர் வண்டி இறங்கினால் தடம் விழுந்த இடமெல்லாம் முளை நசுங்குகிறது. பெல்ட் வண்டிக்குச் சொல்லுங்கள், விதையிலும் இரண்டு கிலோ கூடப் போடுங்கள். சிதறின வைக்கோல் மெல்லிசாகப் பரவிக் கிடந்தால் அது உளுந்துக்கு மூடாக்கு, ஈரம் நாலு நாள் கூட நிற்கும். குவியலாகக் கிடந்தால்தான் முளை மூச்சு முட்டும். ஒரு ஆளும் ஒரு கவைக்கோலும் இருந்தால் அரை நாளில் ஒரு ஏக்கரைப் பரத்திவிடலாம்.

உளுந்து எடுத்த வயலை வெறுமனே விடாமல் வைகாசி மழைக்குத் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதையுங்கள். மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், அந்த நாட்களை இது நிரப்பும். 2004 சுனாமியில் உப்பேறிய நாகப்பட்டினம் வயல்களைத் திரும்பப் பயிருக்குக் கொண்டுவந்ததில் இந்தச் செடிக்கும் பங்கு உண்டு. முப்பதாம் நாள் ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள், கம்பு மணி அளவுக்கு முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கிற வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் நடக்கவில்லை. 40, 45 நாளில், பூ கண்ட உடனே மடக்கிவிடுங்கள், தண்டு நார் ஓடிவிட்டால் கலப்பையில் சுற்றிக்கொள்ளும், மக்கவும் மாட்டாது.

கேள்வி (தேனி வாசகர்): ஜீவாமிர்தம், பஞ்சகவ்யா, மீன் அமிலம். மூன்றில் எது சிறந்தது?

மூன்றும் நல்லவைதான், மூன்றும் உரத்துக்கு மாற்று கிடையாது. ஜீவாமிர்தம் மண்ணில் இருக்கிற நுண்ணுயிரைத் தட்டி எழுப்புகிறது (200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ பசுஞ்சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லமும் பயறு மாவும் இரண்டிரண்டு கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண், இரண்டு நாள் நிழலில் வைத்துக் காலை மாலை கலக்குவது; ஒரு ஏக்கருக்கு இது போதும்). எழுந்த நுண்ணுயிருக்குச் சாப்பிட மக்கும் குப்பையும் தழையும் மண்ணில் இருக்க வேண்டும். வெறும் மண்ணில் மாதாமாதம் ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றிவிட்டு "இயற்கை விவசாயம் பலிக்கவில்லை" என்று எழுதுகிற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பஞ்சகவ்யா பத்து லிட்டருக்கு 300 மில்லி, இலை வழியாகத் தெளிக்க. மீன் அமிலம் அதைவிடக் குறைவாக, பத்து லிட்டருக்கு 100 மில்லிக்கு மேல் போக வேண்டாம்.

கேள்வி (கும்பகோணம் பக்கத்து வாசகர், சென்னையில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்): அப்பா ஆட்டுக்கிடை போடச் சொல்கிறார் (ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்து வைப்பது). அந்தப் பணத்துக்கு மண்புழு உரம் மூட்டையாகவே வாங்கிவிடலாம் போலிருக்கிறதே அக்கா?

கிடையே போடுங்கள் தம்பி. மூட்டையில் வருவது மக்கின சாணமும் குப்பையும் மட்டும்தான், கிடையில் ஆட்டு மூத்திரமும் சேர்ந்து உங்கள் வயலிலேயே இறங்குகிறது. தழைச்சத்திலும் சாம்பல்சத்திலும் நல்ல பங்கு மூத்திரத்தில்தான் இருக்கிறது. வண்டிக்கூலி இல்லை, வாரி இறைக்கிற கூலி இல்லை.

எங்கள் வயலுக்கு ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆட்டு மந்தை மேய்க்கிற ஒரு கீதாரி குடும்பம் ஆறேழு வருஷமாக வருகிறது. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து மந்தைகள் சம்பா அறுப்பு முடிகிற சமயத்தில் டெல்டாவுக்குள் நுழைந்து, ஆடியில் வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை ஊர் ஊராக நகரும். எங்களுக்கு உளுந்து எடுத்த பிறகு, பங்குனிக் கடைசியில் முறை வரும். இருட்டுகிற நேரத்தில் ஐந்நூறு ஆடு வரப்பேறி வந்து வலைக்குள் அடையும். குட்டிகளுக்குத் தனியாக மூங்கில் கூடு. ராத்திரி முழுக்க அசைபோடுகிற சத்தமும் நடுநடுவே ஒரு குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தமும் எங்கள் திண்ணை வரைக்கும் கேட்கும். விடிந்ததும் கீதாரி பெரியவர் கம்பை ஊன்றிக்கொண்டு கிடைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்ப்பார். போன வருஷம் ஒரு மூலையைக் காட்டி, "நேத்துக் காத்துக்கு எல்லாம் இந்தப் பக்கமே ஒடுங்கிருச்சும்மா, அந்தப் பக்கம் படுக்கை விழலை, இன்னொரு ராத்திரி இங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்லி, அந்தக் கூடுதல் ராத்திரிக்குக் காசும் வாங்கவில்லை. என் வயலை என்னைவிட நிதானமாக அவர் பார்த்தார் என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது. அவர்களுக்குக் காசு தவிர அரிசியும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். உங்கள் ஊரிலும் இருக்கும், அப்பாவைக் கேளுங்கள்.

ஏக்கருக்கு ஐந்நூறு ஆடு மூன்று ராத்திரி என்பது எங்கள் கணக்கு. கிடை எழுந்த ஓரிரு நாளில் மேலோட்டமாக ஒரு உழவு ஓட்டி மண்ணோடு கலந்துவிடுங்கள், வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். ஆடு வழியில் சீமைக்கருவேல நெற்றைத் தின்றுவிட்டு வரும், விதை புழுக்கையோடு உங்கள் வயலில் விழும், அடுத்த மழைக்கு முளைக்கும். விரல் நீளம் இருக்கும்போதே பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். ஒரு வருஷம் விட்டால் அப்புறம் கடப்பாரை வேண்டும்.

கேள்வி (சீர்காழி வாசகர்): இயற்கை முறையில் செய்தும் கார்த்திகையில் நெல்லில் புகையான் (அடித்தூரில் சாறு உறிஞ்சுகிற பூச்சி) வந்துவிட்டது. ஏன்?

தழை ஏறினால் யார் வயலாக இருந்தாலும் புகையான் வரும். அந்தத் தழை யூரியாவால் ஏறினதா, தக்கைப்பூண்டும் கிடையும் ஜீவாமிர்தமும் ஒன்றாகச் சேர்ந்து ஏறினதா என்று பூச்சி பார்க்காது. நெருக்கி நட்டு, காற்றும் வெயிலும் அடித்தூருக்குப் போகாமல், தண்ணீரும் நின்றுகொண்டே இருந்தால் அதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. இப்போது உடனே செய்யக்கூடியது தண்ணீரை வடிப்பது. மழை விட்டு வாய்க்கால் வடிகிற நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். பயிரை எட்டடிக்கு ஒரு தடவை ஓரடி விலக்கிப் பட்டம் விட்டு வெளிச்சம் உள்ளே போகவிடுங்கள். வேப்பங்கொட்டை 10 கிலோ இடித்து ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு சேர்த்து, இலைக்கு மேலே அடிக்காமல் அடித்தூரில் படும்படி அடியுங்கள். அடிப்பதற்கு முன்னால் நாலு தூரைத் தட்டிப் பாருங்கள், சிலந்தி நிறைய இருந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம், அது தன் வேலையைச் செய்யும். அடுத்த சம்பாவுக்கு நடும்போதே பட்டம் விட்டு நடுங்கள், தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கட்டுங்கள்.

கேள்வி (காங்கேயம் வாசகி): எங்களுக்குப் பத்து ஏக்கர் கொறங்காடு (மேய்ச்சல் காடு) இருக்கிறது. வெறும் புல்லும் வெள்வேலும். மகன் போர் போட்டு, உழுது, சொட்டுநீரில் காய்கறி வைக்கலாம் என்கிறான். சும்மா கிடக்கும் நிலம்தானே என்று எனக்கும் தோன்றுகிறது.

சும்மா கிடக்கும் நிலம் என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. இந்தக் கடிதத்தைப் படித்ததும் நானும் என் கணவரும் ரொம்ப நேரம் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மண்ணை வெயில் படாமல் காப்பது எப்படி என்று நாங்கள் பன்னிரண்டு வருஷமாகத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டிருக்கிறோம், உங்கள் முன்னோர்கள் அதை மழை குறைந்த சரளை மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். கீழே கொழுக்கட்டைப் புல், மேலே வெள்வேல், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. புல் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது, விதையை உதிர்த்துக்கொண்டு அடுத்த மழைக்குத் தானே முளைக்கிறது. வெள்வேல் மாட்டுக்கு நிழல் தந்து, புல் காய்ந்த மாதங்களில் நெற்றை உதிர்த்து ஆட்டுக்குத் தீனியும் போடுகிறது. காங்கேயம் மாடும் மேச்சேரி ஆடும் இந்தக் காட்டில் வளர்ந்தவை. வேலியைத் தடுத்துத் தடுத்து, ஒரு காட்டில் மேய்ந்தால் இன்னொரு காட்டைப் புல் ஏறவிட்டு மாற்றி மாற்றி மேய்க்கிறார்களே, அந்த முறையைத்தான் இப்போது உலகம் முழுக்க மண்ணை மீட்கிற வழி என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.

போர் போடுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆயிரம் அடி போட்டும் புழுதி பறந்த கதை உங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ. மகன் ஆசைப்படுவதில் தப்பில்லை, மேய்ச்சலில் வருகிற வருமானம் அவருக்குப் போதாது என்பதும் நியாயம்தான். கிணற்றடியில் ஏற்கெனவே உழவு விழுந்த நிலம் அரை ஏக்கர் இருந்தால் அதில் காய்கறி வைக்கட்டும். கொறங்காட்டைத் தொடாமல் அதில் வருமானத்தைக் கூட்ட வழி பாருங்கள். புல் மெலிந்துவிட்ட பகுதியை மட்டும் ஒரு மழைக்கு உழுது சோளமோ கொள்ளோ விதைத்து எடுத்துவிட்டு, கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி விடுங்கள். வேலியில் விழுந்த இடைவெளிக்குக் கிளுவைக் குச்சி ஊன்றுங்கள். ஒரு தடவை முழுதாக உழுது வெள்வேலை வெட்டிவிட்டால் அந்தக் காடு திரும்ப வர உங்கள் பேரன் காலம் ஆகும்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): இயற்கைச் சான்றிதழ் வாங்குவது அவசியமா?

தெரிந்தவர்களுக்கே விற்கிறீர்கள் என்றால் அவசியமில்லை, அவர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து காட்டுங்கள். கடைக்கும் வெளியூருக்கும் அனுப்ப வேண்டுமென்றால் வாங்குங்கள். ஐந்து பேருக்குக் குறையாமல் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்கிற பிஜிஎஸ் முறை செலவு குறைவு. ஏற்றுமதி என்றால் கோவையில் இருக்கிற தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை மாதிரி அங்கீகாரம் பெற்ற அமைப்பு ஒன்றில் பதிய வேண்டும். ஒருபோகப் பயிருக்கு விதைப்புக்கு முன் இரண்டு வருஷம், உங்கள் தென்னை மாதிரி பல்லாண்டுப் பயிருக்கு அறுவடைக்கு முன் மூன்று வருஷம் மாறுதல் காலம். பதிந்த நாளிலிருந்து என்ன வாங்கினோம், என்ன போட்டோம் என்று எழுதி வைக்கிற பழக்கம் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது.

கேள்வி (திண்டிவனம் பக்கத்து வாசகி): அக்கா, என் கணவர் மூன்று ஏக்கரையும் ஒரே வருஷத்தில் இயற்கைக்கு மாற்றிவிட்டார். முதல் போகத்தில் நெல் பாதியாகக் குறைந்தது. நகை அடகில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் சொல்லிக்காட்டுகிறார்கள். அவர் ராத்திரியில் தூங்குவதில்லை. நான் அவரிடம் என்ன சொல்வது?

உங்கள் கடிதத்தைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், இதற்குத்தான் நிறைய நேரம் யோசித்தேன். எங்கள் வீட்டிலும் நடந்தது இது. 60 கிலோ மூட்டையில் ஏக்கருக்கு 30 மூட்டை எடுத்த வயலில் முதல் வருஷம் 17தான் கண்டது. மூன்றாவது வருஷம் 22. இப்போது 24, 25இல் நிற்கிறது, 30 திரும்ப வரவில்லை, பாரம்பரிய ரகத்தில் வரும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. உரக்கடைக் கடன் இல்லை, நெல்லாக விற்காமல் அரிசியாக விற்கிறோம், அதனால்தான் நிற்க முடிகிறது. அந்த முதல் இரண்டு வருஷத்தை என் மாமியாரின் இரண்டு கறவை மாடுகள்தான் இழுத்துக்கொண்டு வந்தன. யாராவது "முதல் வருஷமே அதே விளைச்சல் எடுக்கலாம்" என்று அவரிடம் சொல்லியிருந்தால் சொன்னவர் மேல்தான் தப்பு, அவர் மேல் இல்லை. இதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், மூன்று ஏக்கரையும் பிடிவாதமாக இழுக்க வேண்டாம். வீட்டுக்குப் பக்கத்தில், சாணம் கொண்டுபோகச் சுலபமான ஒரு ஏக்கரை மட்டும் முழு இயற்கையில் வையுங்கள். இருக்கிற எருவும் தழையும் மூன்று ஏக்கருக்குப் பரவிப் போவதைவிட ஒரு ஏக்கருக்கு நிறைவாகப் போகட்டும். மற்ற இரண்டு ஏக்கரில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கிவிட்டு, குறைகிறதற்கு மட்டும் அளவாக யூரியா போடுங்கள். குடும்பம் மூழ்கிவிட்டால் நிலத்தை யார் பார்ப்பார்கள்? அது பின்வாங்குவது ஆகாது. பசுந்தாள் விதை மானியத்தில் கிடைக்கிறதா என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேளுங்கள், 2024இல் அரசு அறிவித்த 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் அதைக் கொடுத்தார்கள்.

மண் பரிசோதனைக்கு இப்போதே கொடுத்துவிடுங்கள். வரப்போரம், மரத்தடி, எருக்குழிப் பக்கம் விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு 'வி' மாதிரி வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்த மண்ணைக் கலந்து அரைக் கிலோ. முடிவு வரும்போது கரிமச் சத்து என்ற வரியைத்தான் முதலில் பாருங்கள். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேல் என்றால் நல்லது. உங்களுடையது 0.3, 0.4 என்று வந்தால் இந்த வருஷ விளைச்சல் ஏன் விழுந்தது என்று அந்த எண்ணே உங்கள் கணவருக்குச் சொல்லிவிடும். அவர் செய்த வேலையில் குறை தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு ஏக்கரின் வரவு செலவை நீங்களே எழுதுங்கள், அவரிடம் விடாதீர்கள். உங்கள் கூலியையும் அவர் கூலியையும் சேர்த்து எழுதுங்கள், அதை எழுதாமல்தான் பாதிப்பேர் லாபம் என்கிறார்கள். அறுவடை முடிந்து மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஓரடி நீளம் ஓரடி அகலம் ஓரடி ஆழம் வெட்டி, அந்த மண்ணை ஒரு சாக்கில் கொட்டி, அதில் எத்தனை மண்புழு என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லித் தேதி போட்டுக் குறியுங்கள், பக்கத்து ஏக்கரிலும் அதே மாதிரி ஒன்று. தையில் எண்ணிவிட்டு எனக்கு மாசியில் எழுதுங்கள். நகையை மீட்க எவ்வளவு கட்டியிருக்கிறோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதையும் அதே நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள்.